பின்மிதித் தடை

தென்பாண்டிக் கடற்கரையில், தூத்துக்குடி மாவட்டத்தின் வடபால் அமைந்த துறை வேம்பார். முத்துக்குளித்தலாற் பெயர்பெற்ற பரதவர் ஊர்கள் ஏழனுள் ஒன்றாக அதனை வைத்து எண்ணுவர். கடலை விட்டு அகன்றால் பனங்காடும் உடைமரங்களும் மணற்பரப்பும் காணப்படும். அவற்றினூடே பதநீர் சுமப்போரும் ஆடு மேய்ப்போரும் நடந்து நடந்து உண்டாக்கிய ஒற்றையடிப் பாதைகள் செல்லும். இத்தகைய பாதையில் மிதிவண்டி ஊர்ந்து செல்வோர்க்கு இடையூறுகள் பல. மெல்லிய டயர் மணலிற் புதையும். உப்புக்காற்றால் தடைக்கம்பிகள் துருவேறும். உடைமுள் டயரைத் துளைக்கும். முள்ளுக்கு மருந்து, ஒட்டுப்போடும் பொறுமை ஒன்றே. ஏனைய இரண்டற்கும் பழைய மிதிவண்டி வகையொன்று விடையாக உள்ளது.

அவ்வண்டியில் மிதியை முன்னோக்கி மிதித்தால் சக்கரம் ஓடும். காலை அசையாது வைத்தால் தானே உருளும். பின்னோக்கி மிதித்தால் நிற்கும். இதனைப் பின்மிதித் தடை எனலாம். நம் நாட்டில் பெரிதும் வழங்கிவந்தது கைப்பிடியினின்று கம்பிவழி இயங்கும் தடையே ஆதலின், இதன் அமைப்பைச் சிறிது விளக்குதல் வேண்டும்.

பின்சக்கரத்தின் நடுவேயுள்ள குடத்தினுள் திருகாணி போன்று புரியுடைய தண்டு ஒன்று உண்டு. அதன்மேல் கூம்பு ஒன்று அமர்ந்திருக்கும். சங்கிலி முன்னோக்கி இழுக்குங்கால் கூம்பு ஒருபுறம் நகர்ந்து குடத்தைக் கவ்வும்; சக்கரம் சுழலும். பின்னோக்கி இழுக்குங்கால் அதே கூம்பு மறுபுறம் நகர்ந்து, தடைக்கட்டைகளை விரித்துக் குடத்தின் உட்சுவரோடு அழுத்தும். உராய்வினால் வேகம் தணியும். ஓட்டுவதும் நிறுத்துவதும் ஒரே கூம்பின் தொழிலாயினமை வியப்புக்குரியது. யாவும் குடத்தினுள் மூடிக்கிடத்தலால் மணலும் ஈரமும் எளிதிற் புகா. செருமனியில் எர்ன்ஸ்ட் சாக்ஸ் என்பார் 1903ஆம் ஆண்டில் வெளிப்படுத்திய 'டார்ப்பிடோ' குடம் இவ்வகையுட் பெரும்புகழ் பெற்றது.

டயரின் செய்தியும் அறியத்தக்கது. அமெரிக்க நாட்டின் சுவின் நிறுவனம் 1933ஆம் ஆண்டில் 2.125 அங்குல அகலமுள்ள பருத்த டயர்களை மிதிவண்டியிற் புகுத்தியது. ஒட்டகத்தின் அகன்ற அடி மணலிற் புதையாமைக்குக் காரணம் எதுவோ, அதுவே இதற்கும் காரணம். பாரம் பரந்த இடத்தில் தங்குமாயின் அழுத்தம் குறையும்.

இவ்வண்டியின் குறை மலையில் வெளிப்பட்டது. 1970களில் கலிபோர்னியாவின் மரின் பகுதியில் இளைஞர் சிலர், பிறர் கழித்துப்போட்ட இத்தகைய பழைய வண்டிகளைத் தேடியெடுத்து மலைப்பாதைகளில் இறங்கி விளையாடினர். பின்சக்கரம் பூட்டிக்கொண்டு புழுதியிற் சறுக்குவதே அவர்க்குப் பேரின்பம். 1976 அக்டோபர் 21ஆம் நாள் பேர்பாக்ஸ் என்னும் ஊரின் அருகே முதற் போட்டி நடந்தது. ஏறத்தாழ இரண்டு மைல் தொலைவில் பாதை 1300 அடி இறங்கியது. அதனை 4 நிமிடம் 22 நொடியில் கடந்தார் கேரி பிஷர்.

ஆளும் வண்டியும் சேர்ந்து 90 கிலோகிராம் எனக் கொண்டால், அவ்விறக்கத்தில் வெளிப்படும் ஆற்றல் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கச் செய்யப் போதும். காற்றும் பாதையின் கரடும் கொண்டது போக எஞ்சியதெல்லாம் ஒரு கைக்கடங்கும் குடத்தினுள் வெப்பமாயிற்று. உள்ளிருந்த கிரீஸ் உருகிப் புகைந்தது. ஒவ்வோர் இறக்கத்தின் பின்னும் குடத்தைப் பிரித்துக் கிரீசை மீண்டும் அடைக்க வேண்டியதாயிற்று. 'ரீபேக்', அஃதாவது மீள அடைத்தல் என்பதே அப்பாதைக்குப் பெயராய் நிலைத்தது! 1977இல் ஜோ பிரீஸ் என்பார் மலைக்கென்றே புதிய சட்டம் சமைத்தார். அவ்வழி வளர்ந்த மலை மிதிவண்டிப் பந்தயம் 1996ஆம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக்கில் இடம்பெற்றது.

ஆயினும் பழைய வண்டியை விடாதார் இன்றும் உளர். மாற்றுதற்குப் பல்லிணை இன்மையால் கருத்து முழுதும் பாதையிற் செல்லும் என்பர். அவர் கூற்றில் உண்மை உண்டு. வேம்பாரைப் போன்ற சமநிலத்தில் குடம் காய்தற்கும் இடமில்லை. ஆனால் சங்கிலி கழன்றால் தடையும் உடன் போய்விடும். ஆதலின் ஏறுமுன் சங்கிலியின் தளர்ச்சியை விரலால் அழுத்திப் பார்த்தல் வேண்டும். முன்சக்கரத்திற்குக் கைத்தடை ஒன்று பூட்டிக்கொள்ளுதல் அதனினும் நன்று.