எத்தனை பேர், எந்த இடத்தில்?

சௌல்தாரி, தென் அந்தமானில் கடலைவிட்டுச் சற்று உள்ளே தள்ளியிருக்கும் கிராமம். 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று அழைக்கப்படும் போர்ட் பிளேரிலிருந்து பஸ்ஸில் போய்விடலாம். வண்டூர் கடற்கரையும் தொலைவில்லை. இந்தப் பக்கத்து ஊர்களில் தோப்பும் வயலும் முடிகிற இடத்தில் பசுமைமாறாக் காடு தொடங்கிவிடும். ஹோட்டல் அறை வேண்டாம், காட்டோரத்திலோ கரையிலோ கூடாரம் போட்டு ஓர் இரவு கழிக்க வேண்டும் என்று இன்று ஆசைப்படுகிறவர்கள் பலர். ஆசையில் தவறில்லை. ஆனால் குழுவில் எத்தனை பேர் என்ற கேள்வியைச் செலவைப் பங்கிடுவதற்காக மட்டுமே கேட்டுக்கொள்கிறோம். தரைக்கு என்ன ஆகும் என்று யோசித்தாலும், நான்கு பேர் தங்கினால் ஒரு மடங்கு சேதம், இருபது பேர் தங்கினால் ஐந்து மடங்கு என்று கணக்குப் போட்டு நிறுத்திவிடுகிறோம். அந்தக் கணக்கு தவறு. அது தவறு என்பது தெரியாமல் போடப்படும் விதிகளும் பாதிதான் பலன் தரும்.

அமெரிக்காவில் காட்டு முகாம்களின் பாதிப்பைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் டேவிட் கோல். ஆரிகன் மாநிலத்தின் ஈகிள் கேப் காட்டுப்பகுதியில், ஆண்டுக்குச் சில இரவுகளே ஆள் தங்கும் இடங்களையும் அடிக்கடி கூட்டம் வரும் இடங்களையும் அவர் ஒப்பிட்டுப் பார்த்தார். எப்போதாவது ஆள் வரும் இடத்திலேயே தரைச்செடிகளில் பெரும்பகுதி போய்விட்டிருந்தது. அதைவிடப் பல மடங்கு கூட்டம் வந்த இடத்தில் சேதம் கொஞ்சம்தான் கூடியிருந்தது. வயோமிங்கின் விண்ட் ரிவர் மலைகளில் செய்த சோதனையில், ஓர் இரவு முகாமே கண்ணுக்குத் தெரியும் தழும்பை விட்டது. காரணம் எளிது. மெல்லிய தண்டுள்ள செடிகள் முதல் சில மிதிகளிலேயே ஒடிந்துவிடும். மண்ணின் காற்றிடைவெளிகளும் முதல் சில இரவுகளிலேயே அழுந்திப்போகும். அதற்குமேல் அந்த இடத்தில் கெடுவதற்கு அதிகம் மிச்சமிருக்காது. ஆனால் மீண்டு வர ஆண்டுக்கணக்கில் ஆகும். கெடுவது ஒரு வாரத்தில், தேறுவது பல ஆண்டுகளில் என்றால், புதிய இடம் ஒவ்வொன்றையும் தொடாமல் காப்பதுதான் முதல் வேலை.

இதை வைத்துக்கொண்டு, ஏற்கெனவே தேய்ந்த இடத்தில் எவ்வளவு பெரிய கூட்டமும் தங்கலாம் என்று சிலர் வாதிடக்கூடும். இருபது பேர் முகாமைக் கிட்டப்போய்ப் பார்த்தால் அந்த வாதம் நிற்காது. நான்கு பேர் படுக்கும் கூடாரம் என்றாலும் ஐந்து கூடாரம் வேண்டும். சமதரை அத்தனைக்கும் போதாது என்பதால் ஓரத்துச் செடிகளை வெட்டி இடம் பண்ணுவார்கள். மழை வரும் என்று கூடாரத்தைச் சுற்றி வாய்க்கால் தோண்டுவார்கள். கேஸ் அடுப்பில் இருபது பேருக்கு அண்டாச் சோறு வேகாது. மூன்று கல்லை வைத்து விறகு மூட்டுவார்கள். அந்த விறகுக்காகக் காட்டுக்குள் நாலா பக்கமும் போவார்கள். விழுந்து கிடக்கும் கட்டைதானே என்று தோன்றும். கரையானுக்கும் காளானுக்கும் நாற்றுக்கும் அந்தக் கட்டைதான் வாழ்விடம். ஓடைக்கு ஒரு தடம், அடுப்புக்கு ஒரு தடம், ஒதுங்குவதற்குப் பத்துத் தடம் என்று விடிவதற்குள் தரையில் வலை பின்னியதுபோல் பாதைகள் விழுந்துவிடும். கூட்டம் பெரிதானால் சேதத்தின் ஆழம் அவ்வளவாகக் கூடாது, பரப்பு கூடும். புதிய தரை கெடுவது அந்த விளிம்புகளில்தான். இருபது பேரை ஐந்து குழுவாகப் பிரித்து, குழுவுக்கொரு புதிய இடத்தைக் கொடுத்தாலும் இதே கதைதான். ஐந்து இடம் கெடும். ஆகவே எத்தனை பேர் என்ற கேள்வியையும் எந்த இடம் என்ற கேள்வியையும் பிரித்துக் கேட்பதில் பயனில்லை.

அந்தமானில் இது ஏன் இன்னும் கடுமை? முதலில் மழை. தென்மேற்கும் வடகிழக்குமாக ஆண்டில் எட்டு மாதம்போல மழை பெய்யும் தீவில், இறுகிப்போன சரிவில் தண்ணீர் உள்ளே இறங்காது. மேல்மண்ணை அரித்துக்கொண்டு ஓடைக்கும் அங்கிருந்து பவளப்பாறைக்கும் போகும். அடுத்தது புள்ளிமான். ஆங்கிலேயர் கொண்டுவந்து விட்ட இந்த விலங்குக்கு இங்கே வேட்டை விலங்கு எதுவும் இல்லை. முளைக்கும் கன்றுகளை அது மேய்ந்துவிடுவதால், மிதிபட்ட தரை தானாகத் தேறும் வாய்ப்பு மேலும் குறைகிறது. கரையில் தங்கலாமே என்றால், 2004 நிலநடுக்கத்தில் தென் அந்தமான் ஏறத்தாழ ஒரு மீட்டர் அமிழ்ந்தது. சிப்பிகாட் பகுதியில் வயல்களுக்குள் கடல் வந்து நின்றது. பல இடங்களில் காட்டுக்கும் அலைக்கும் நடுவே இருந்த மணல் குறுகிப்போனது. மிஞ்சிய மணலில்தான் ஆமைகள் முட்டையிட ஏறுகின்றன. கரையில் வெளிச்சம் தெரிந்தால் தாய் ஆமை திரும்பிவிடும்; பொரித்த குஞ்சுகள் கடல் என்று நினைத்து விளக்கை நோக்கி நகரும். நான்கு டார்ச்சை அணைக்கச் சொல்லிவிடலாம். இருபது செல்போனை இரவு முழுக்க அணைத்து வைக்கச் சொல்லிப் பாருங்கள்! மீன் கழுவிய தண்ணீரும் மிச்சச் சோறும் உவர்நீர் முதலையைக் கரைக்குப் பழக்கும் என்பது இன்னொரு கவலை. வண்டூருக்குப் பக்கத்தில் லோகாபாரக்கில் இருப்பதே உவர்நீர் முதலைகளுக்கான சரணாலயம்.

நல்ல விதி எப்படி இருக்கும் என்பதற்கான பாடமும் வண்டூரிலேயே இருக்கிறது. 1983இல் அறிவிக்கப்பட்ட மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவில் 15 தீவுகள், பரப்பு 281.5 சதுர கிலோமீட்டர். இவற்றில் ஜாலிபாய், ரெட்ஸ்கின் என்ற இரண்டு தீவுகளைத்தான் பயணிகளுக்குத் திறக்கிறார்கள், அதுவும் பருவத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றி. பகலில் போய்ப் பகலிலேயே திரும்ப வேண்டும். பிளாஸ்டிக் எடுத்துப்போகக் கூடாது. இதில் இருக்கும் அறிவைப் பாராட்ட வேண்டும்: எல்லாத் தீவிலும் கொஞ்சம் கொஞ்சமாக மிதிக்க விடாமல், பாதிப்பை ஓரிரு இடத்தில் நிறுத்தி மற்றவற்றைக் காக்கிறார்கள். கரைக்காட்டு முகாமுக்கும் இதே சிந்தனை பொருந்தும். ஆனால் தீவை மாற்றி மாற்றித் திறக்கும் முறையை மட்டும் காட்டுக்குள் நகலெடுக்கக் கூடாது. சில மாத ஓய்வில் காட்டுத்தரை தேறிவிடாது. அங்கே இரண்டு இடத்தை மாற்றிப் பயன்படுத்தினால் இரண்டும் தேய்ந்த நிலையிலேயே இருக்கும்.

ஒழுக்கம்தான் முக்கியம், எண்ணிக்கை அல்ல என்பார்கள். என்.சி.சி. மாணவர் முப்பது பேர் குப்பை ஒன்றுகூடப் போடாமல் வருவார்கள், குடித்துக் கூத்தடிக்கும் நால்வர் காட்டையே நாசம் பண்ணுவார்கள் என்பது வாதம். உண்மைதான், குப்பையைப் பொறுத்தவரை. ஆனால் ஒழுக்கமான முப்பது பேருக்கும் படுக்க இடம் வேண்டும், ஒதுங்க இடம் வேண்டும். ஓடையிலிருந்து அறுபது மீட்டர் தள்ளிக் குழி தோண்ட வேண்டும் என்ற விதியை முப்பது பேரும் தவறாமல் கடைப்பிடித்தாலும் முப்பது குழி விழும். எண்ணிக்கையை நல்ல நடத்தையால் ஈடுகட்ட முடியாத இடம் அது. ஆள் எண்ணிக்கைக்கு வரம்பு வைக்கும் விதி உலகில் புதிதும் அல்ல. மினசோட்டாவின் பவுண்டரி வாட்டர்ஸ் ஏரிக்காட்டில் ஒரு குழுவுக்கு 9 பேர், 4 படகு. தங்குவது குறித்துவிட்ட இடங்களில் மட்டும். யோசெமிட்டியில் பாதையோடு போகும் குழுவுக்கு 15 பேர், பாதையை விட்டு விலகினால் 8 பேர். இரண்டிலும் எண்ணிக்கை இடத்தோடு கட்டப்பட்டிருக்கிறது.

முழுத்தடையே மேல் என்று சொல்கிறவர்களும் உண்டு. உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் 2018 ஆகஸ்டில் அந்த வழியில் போனது. புக்யால் எனப்படும் உயர்மலைப் புல்வெளிகளில் இரவு தங்கத் தடை விதித்தது. வருவோர் எண்ணிக்கை 200-ஐத் தாண்டக் கூடாது என்றது. ஆலி, பேதினி புல்வெளிகள் அப்போது இருந்த நிலைக்கு அந்த உத்தரவு அவசியமானதுதான். ஆனால் கூடாரத்தையும் கோவேறு கழுதையையும் நம்பியிருந்த மலைக்கிராமங்களின் பிழைப்பில் அது கைவைத்தது. கெட்டுப்போன பிறகு வரும் விதி இப்படித்தான் முரட்டுத்தனமாக இருக்கும். அந்தமான் காட்டோரங்களில் அந்தக் கட்டம் வருமுன்பே அளவு வைக்க முடியும். என் கணிப்பில் வழிகாட்டியையும் சேர்த்து எட்டுப் பேர் போதும்: மூன்று கூடாரம், ஒரு கேஸ் அடுப்பு, ஒருவர் கண்ணுக்குள் அடங்கும் ஆட்கள். எட்டுப் பேருக்கு ஒரு வழிகாட்டி கட்டாயம் என்றால், அதே கூட்டத்துக்கு உள்ளூரில் கூடுதல் பேருக்கு வேலை கிடைக்கும்.

எல்லாவற்றிலும் கனமான ஆட்சேபணை வேறு. சிறு குழு என்றால் செலவு ஏறும். பஸ் பிடித்து மொத்தமாக வரும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளும் சாதாரணக் குடும்பங்களும் வெளியே நிற்க, காசுள்ளவர்களுக்கு மட்டும் காடு என்றாகிவிடும். இதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. காட்டில் தூங்கினால்தான் காட்டைப் பார்த்ததாகும் என்று நாம் ஏன் நினைக்க வேண்டும்? சௌல்தாரி போன்ற ஊர்களில் ஏற்கெனவே இறுகிய தரை இருக்கிறது; கழிப்பறை, கூரை, சமையல்கட்டு எல்லாம் இருக்கின்றன. நாற்பது பிள்ளைகள் ஊரில் தங்கட்டும், ஊர்ப் பெண்கள் குழு சமைத்துப் போடட்டும், விடிந்ததும் எட்டெட்டுப் பேராக ஒரே பாதையில் இடைவெளி விட்டுக் காட்டுக்குள் போய் மதியத்துக்குள் திரும்பட்டும். அவர்கள் பார்க்கும் காடும் எட்டுப் பேர் கூடாரம் போட்டுப் பார்க்கும் காடும் ஒன்றுதான். சொல்லப்போனால், பஞ்சாயத்துக்குக் கட்டணம் வருவதும், மீதிச் சோறு முதலைக்குப் போகாமல் ஊரிலேயே தீர்வதும் இந்த வழியில்தான். வனத்துறையின் அனுமதிப் படிவத்தில் ஆள் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் இரவு தங்கும் இடத்தையும் குறிக்கச் சொல்லி, எட்டுக்கு மேற்பட்ட குழுவுக்கு ஊருக்குள் மட்டுமே இரவுத் தங்கலை அனுமதிக்க, புதிதாகச் சட்டம் எழுத வேண்டியதில்லை.