கண்ணாடியோடு ஒட்டிய தாத்தா படம்: வீட்டுக்கு எந்த ஸ்கேனர்?

கூடத்துச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் தாத்தா பாட்டி படத்தை ஒருநாள் இறக்கிப் பாருங்கள். நாற்பது, ஐம்பது வருடமாகத் தொங்கிய படம் என்றால் அநேகமாகக் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருக்கும். பழைய புகைப்படத் தாளின் மேல்பூச்சு ஜெலட்டின். நம் ஊர்ப் புழுக்கத்திலும் மழைக்கால ஈரத்திலும் அது இளகிக் கண்ணாடியைப் பற்றிக்கொள்ளும். பிய்த்தெடுக்கப் போனால் தாத்தாவின் முகம் கண்ணாடியோடு வந்துவிடும். ஆகவே, கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்தாக வேண்டும். கடையில் முதலில் எடுத்துக்காட்டும் மெல்லிய ஸ்கேனரில் அதை வைத்தால் பனிமூட்டத்துக்குள் நிற்பதுபோல் மங்கலாகத்தான் வரும். பரணில் கிடக்கும் பழைய தடித்த ஸ்கேனர் பளிச்சென்று எடுத்துக்கொடுக்கும்.

காரணம் உள்ளே இருக்கிற கண். இன்று விற்கும் மெல்லிய ஸ்கேனர்களிலும், வீட்டு ஆல் இன் ஒன் பிரிண்டர்களின் மூடிக்கு அடியிலும் இருப்பது சிஐஎஸ் வகை. தாளின் அகலத்துக்கு நீண்ட ஒரு பட்டை, கண்ணாடிக்கு மிக அருகில் ஊர்ந்து போகும். சிவப்பு, பச்சை, நீலம் என்று எல்இடி விளக்குகள் மாறிமாறி எரிய, தாளை ஏறக்குறைய உரசிக்கொண்டே படிக்கும். மின்சாரம் குறைவாகவே பிடிக்கும்; கம்ப்யூட்டரின் யுஎஸ்பி வயர் ஒன்றே போதும். கேனான் லைடு 300, லைடு 400, எப்சன் வி39 எல்லாம் இந்தக் குடும்பம். ஆனால் இதற்குக் கிட்டப்பார்வை. கண்ணாடியைத் தொடுகிற தாள்தான் தெளிவாகத் தெரியும். இரண்டு மில்லிமீட்டர் தள்ளிப்போனால் மங்கிவிடும். சட்டத்துக் கண்ணாடியின் தடிமனே அவ்வளவு இருக்குமே!

பழைய தடித்த ஸ்கேனரில் இருப்பது சிசிடி வகை. அதில் விளக்கொளி தாளில் பட்டுத் திரும்பி, முகம் பார்க்கும் கண்ணாடி போன்றவற்றில் மடங்கி, லென்ஸ் வழியாகச் சுருங்கி ஒரு சின்னச் சில்லில் விழும். கேமராவைப் போன்ற ஏற்பாடு. அதனால்தான் பெட்டி தடிமனாக இருக்கிறது. அதனால்தான் சற்றே உயரத்தில் இருப்பதும் தெளிவாக விழுகிறது. எப்சன் பெர்ஃபெக்‌ஷன் வி600 இந்த ரகம். விலை, மெல்லிய ஸ்கேனரைப்போல் சில மடங்கு. இரண்டு ஆல்பத்துக்காக இதை வாங்குவது வீண். தெரிந்தவரிடம் ஒரு வாரம் இரவல் வாங்கலாம். ஒட்டிய படத்தை எடுக்கும்போது மரச்சட்டத்தை மட்டும் கழற்றிவிட்டு, படமும் கண்ணாடியும் சேர்ந்தபடியே கவிழ்த்து வையுங்கள். சட்டத்தின் விளிம்பு இன்னும் சில மில்லிமீட்டர் தூக்கிவிட்டால் சிசிடியும் திணறும். தடித்த அட்டை போட்ட ஜாதக நோட்டுக்கும் இதே கதைதான்: நடுத்தையல் பக்கம் தாள் மேலே எழும்பும் இடத்தில் சிஐஎஸ் எழுத்தைத் தின்றுவிடும்.

விற்பனையாளர் இதைச் சொல்வதில்லை. அவர் சொல்வது டிபிஐ. ஓர் அங்குலத்தில் எத்தனை புள்ளிகளாகப் படிக்கிறது என்ற கணக்கு. பெட்டியில் 4800 என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். ஒரு ஏ4 தாளை 300 டிபிஐயில் வண்ணத்தில் எடுத்தால், சுருக்காத நிலையில் சுமார் 26 எம்பி. 600 என்றால் 104 எம்பி. 1200 என்றால் 400 எம்பியைத் தாண்டும். 4800-ல் எடுத்தால் ஒரே தாள் 6.5 ஜிபிக்கு மேல் போகும். அத்தனை நுணுக்கம் அந்தத் தாளில் இருக்கவே இருக்காது. எழுத்துத் தாளுக்கு 300 தாராளம். ஸ்டுடியோவில் கழுவிய புகைப்படத்துக்கு 600 போதும். ஒன்றே ஒன்று விதிவிலக்கு: பழைய பெட்டிக் கேமராவின் பிலிமைத் தாளோடு ஒட்டவைத்து, பெரிதாக்காமல் அச்சிட்ட தீப்பெட்டி அளவுக் கறுப்பு வெள்ளைப் படங்கள். சின்னதாயிற்றே என்று ஒதுக்காதீர்கள். அவற்றில் ஆச்சரியப்படும் அளவுக்கு விவரம் ஒளிந்திருக்கும், 1200 வைக்கலாம்.

நெகடிவ் என்றால் கணக்கு வேறு. 35 மில்லிமீட்டர் பிலிமின் ஒரு கட்டம் 36-க்கு 24 மில்லிமீட்டர்தான். 300 டிபிஐயில் அது தபால்தலை அளவுக்குத்தான் வரும்; 2400-ல் எடுத்தால் 3400-க்கு 2270 புள்ளி கிடைக்கும். பிலிமுக்கு மேலிருந்து வெளிச்சம் பாய வேண்டும் என்பதால் பெரும்பாலான மெல்லிய ஸ்கேனர்கள் இதற்கு உதவா. வி600 உதவும். ஆனால் அதன் பெட்டியில் உள்ள 6400-ஐ நம்ப வேண்டாம். சோதித்தவர்கள் கண்ட உண்மை நுணுக்கம் 2000-க்கும் கீழே. தூசியைத் தானாக நீக்கும் அகச்சிவப்பு வசதி, வண்ண நெகடிவுக்கு மட்டும். கறுப்பு வெள்ளையில் உள்ள வெள்ளித்துகள் அந்தக் கதிரை மறித்துவிடும்.

இனி பீரோவில் உள்ள காகிதங்களுக்கு வருவோம். ஆதார், மதிப்பெண் சான்று, ரேஷன் கார்டு போன்றவற்றை விண்ணப்பத்தில் ஏற்றுவதுதான் வேலை என்றால் ஸ்கேனரே வேண்டாம். 12 மெகாபிக்சல் போன் கேமராவில் ஏ4 தாளைச் சட்டம் நிறைய எடுத்தால் ஏறத்தாழ 300 டிபிஐக்குச் சமம். வெயில் நேரடியாக விழாத ஜன்னலோரம், பிளாஷ் அணைத்து, போனின் நிழல் தாளில் விழாமல் எடுத்தால் போதும். ஐபோனின் நோட்ஸ், கூகுள் டிரைவ், அடோபி ஸ்கேன் ஆகியவை ஓரத்தை வெட்டி, கோணலை நிமிர்த்திக் கொடுக்கும். ஒரு காலத்தில் எல்லார் போனிலும் இருந்த கேம்ஸ்கேனர், 2020 ஜூனில் இந்தியா தடை செய்த 59 செயலிகளில் ஒன்று. அப்புறம், டிஜிலாக்கரில் நேராகக் கிடைக்கும் சான்றிதழை எதற்கு ஸ்கேன் செய்ய வேண்டும்?

சிக்கல் பத்திரத்தில். முத்திரைத்தாள் ஏ4-ஐவிட நீளம். வீட்டு ஸ்கேனரின் கண்ணாடி 297 மில்லிமீட்டரோடு முடிந்துவிடும். கடைசி வரிகளும் சாட்சிக் கையெழுத்தும் வெளியே தொங்கும். இரண்டு தடவையாக எடுத்து ஒட்டலாம், அல்லது தாளை உள்ளிழுத்துத் தள்ளும் ஃபீடர் வகை ஸ்கேனரில் கொடுக்கலாம். ஃபீடர் வேகமானது, இருபுறமும் ஒரே ஓட்டத்தில் எடுக்கும், நூற்றுக்கணக்கில் பில்களோ குறிப்புகளோ இருப்பவர்களுக்கு வரப்பிரசாதம். ஆனால் எட்டாக மடித்து மடித்து மடிப்பில் கிழியத் தொடங்கிய மூலப் பத்திரத்தை அதில் விடுவது தற்கொலை. அதை விரித்துவைத்து மேலிருந்து போனில் எடுப்பதே உத்தமம்.

பத்திரம் என்றதும் ஒரு பழைய விவகாரம். நாம் நகல் எடுப்பதற்கே 'செராக்ஸ்' என்று பெயர் வைத்துவிட்ட ஜெராக்ஸ் நிறுவனத்தின் இயந்திரங்கள், 2013-ல் ஸ்கேன் செய்யும்போது எண்களை மாற்றுவதை ஜெர்மனியின் கணினியியலாளர் டேவிட் கிரீசல் கண்டுபிடித்தார். ஒரு கட்டட வரைபடத்தில் மூன்று அறைகளின் பரப்பு 14.13, 21.11, 17.42. ஸ்கேனில் மூன்றுமே 14.13! கோப்பைச் சிறிதாக்க, ஒரே மாதிரி தெரிகிற எழுத்துகளை ஒருமுறை மட்டும் சேமித்து மற்ற இடங்களில் அதையே ஒட்டுகிற ஜேபிக்-2 என்ற சுருக்கமுறை செய்த குளறுபடி. மங்கலாக இருந்திருந்தால் சந்தேகம் வந்திருக்கும்; தப்பு எண் அச்சடித்தாற்போல் சுத்தமாக நின்றது. நிறுவனம் பிறகு திருத்தம் வெளியிட்டது. சர்வே எண்ணும் சதுர அடியும் உள்ள தாளைக் கறுப்பு வெள்ளையில், 'மிகச் சிறிய கோப்பு' என்ற தேர்வில் எடுக்காதீர்கள். வண்ணத்திலோ சாம்பல் நிறத்திலோ எடுத்து, ஒருமுறை மூலத்தோடு ஒப்பிட்டு விடுங்கள்.

மென்பொருளைப் பற்றி யாரும் கடையில் கேட்பதில்லை. ஆனால் ஸ்கேனர் சாவது பெரும்பாலும் அதனால்தான். விளக்கும் மோட்டாரும் நன்றாக இருக்கும். புது விண்டோஸுக்கு டிரைவர் வந்திருக்காது. 2019-ல் மேக் கம்ப்யூட்டர்களில் 32-பிட் மென்பொருள்கள் நின்றபோது எத்தனையோ நல்ல ஸ்கேனர்கள் ஒரே நாளில் மேசை எடைக்கல் ஆயின. அந்த மாதிரிப் பெட்டி உங்களிடம் இருந்தால், தூக்கிப்போடும் முன் வியூஸ்கேனைப் போட்டுப் பாருங்கள். எட் ஹாம்ரிக் என்ற அமெரிக்கர் 1998-ல் தொடங்கிய இந்த மென்பொருள், உற்பத்தியாளர் கைவிட்ட ஆயிரக்கணக்கான மாடல்களுக்குத் தானே டிரைவர் வைத்திருக்கிறது. காசு கேட்கும், ஆனால் இலவசச் சோதனைப் பதிப்பில் உங்கள் ஸ்கேனர் உயிர்க்கிறதா என்று தெரிந்துகொள்ளலாம். காகித வேலைக்கு என் தேர்வு இலவசமான நாப்ஸ்2. பல பக்கங்களை ஒரே பிடிஎஃப் ஆக்கும். முதலில் ஒற்றைப் பக்கங்கள், பிறகு இரட்டைப் பக்கங்கள் என்று எடுத்தாலும் சரியான வரிசையில் கோத்துக் கொடுக்கும்.

நாப்ஸ்2-க்குள்ளேயே தமிழ் ஓசிஆரும் உண்டு, அதாவது படத்தில் உள்ள எழுத்தைத் தேடக்கூடிய எழுத்தாக மாற்றும் வசதி. அடியில் இயங்குவது டெசராக்ட். 1985-ல் எச்பி நிறுவனத்தில் தொடங்கி, 2005-ல் திறமூலமானது. இன்றைய அச்சுத் தமிழை ஓரளவு நன்றாகவே வாசிக்கும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய புத்தகம் என்றால், தும்பிக்கைபோல் வளைந்த பழைய லை, னை கண்ட இடத்தில் தடுமாறும். கையெழுத்துக் கடிதத்துக்கு அதை நம்ப வேண்டாம். கூகுள் டிரைவில் படத்தை ஏற்றி டாக்ஸில் திறந்தால் தமிழ் இன்னும் சுத்தமாக வரும் என்பது என் அனுபவம். ஆனால் குடும்பச் சொத்துக் காகிதத்தை அப்படி ஏற்றலாமா என்பது அவரவர் முடிவு.

சேமிக்கும்போது புகைப்படத்தின் மூலப் பிரதியை டிஃப் ஆக வையுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்ப அதிலிருந்து ஜேபெக் எடுத்துக்கொள்ளலாம். சட்டத்தைக் கழற்றி வைத்திருக்கும்போதே படத்தின் பின்புறத்தையும் ஒருமுறை ஸ்கேன் செய்துவிடுங்கள். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. சில படங்களில் ஸ்டுடியோவின் ஊதா முத்திரையும், பென்சிலில் யாரோ எழுதிய ஊரும் தேதியும் இருக்கும்.