கழுத்துப் புற்றுநோய் அறுவை சிகிச்சைக்குப் பின் நீடிக்கும் நிணநீர்க் கசிவு: தீர்வு என்ன?

கொல்கத்தா: வாய்ப் புற்றுநோய்க்காகக் கழுத்தில் அறுவை சிகிச்சை முடிந்து, மூக்குக் குழாய் வழியே உணவு செலுத்தத் தொடங்கிய பின், வடிகுழாயில் பால் போன்ற வெண்ணிறத் திரவம் சேர்வதைக் கண்டு உறவினர்கள் பதறுவதுண்டு. அது பெரும்பாலும் சீழ் அன்று. குடலில் செரித்த கொழுப்பைச் சுமந்து வரும் 'கைல்' என்னும் நிணநீர். அதில் டிரைகிளிசரைடு அளவு 100 மில்லி லிட்டருக்கு 110 மில்லி கிராமைத் தாண்டினால் கசிவு உறுதியாகிறது.

1950-இல் திறக்கப்பட்ட சித்தரஞ்சன் தேசியப் புற்றுநோய் நிறுவனம், 2011-இல் நியூ டவுனில் தொடங்கப்பட்ட டாடா மருத்துவ மையம் ஆகியவற்றை நாடி வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் நோயாளிகள் கொல்கத்தா வருகின்றனர். வாய்ப் புற்றுநோய்க்குக் கழுத்து நிணநீர் முடிச்சுகளையும் அகற்றுவது வழக்கமான சிகிச்சை. அதைத் தவிர்ப்பதும் எளிதன்று. மும்பை டாடா நினைவு மருத்துவமனை 2015-இல் வெளியிட்ட ஆய்வில், தொடக்கத்திலேயே முடிச்சுகள் அகற்றப்பட்டவர்களில் 80 விழுக்காட்டினர் 3 ஆண்டுகளுக்குப் பின் உயிருடன் இருந்தனர். நோய் பரவிய பின் அகற்றப்பட்ட பிரிவில் அது 67.5 விழுக்காடு.

கசிவு ஏன்?

மார்பு வழியே மேலேறும் பெரிய நிணநாளம், இடது கழுத்தின் அடியில் இரத்த நாளத்துடன் இணைகிறது. அதன் சுவர் மெல்லியது. நோயாளி பட்டினியாக இருக்கும்போது உள்ளே ஓடும் நீர் நிறமற்றது என்பதால், காயம்பட்டாலும் கண்ணுக்குத் தப்பிவிடும். நாளொன்றுக்கு 2 முதல் 4 லிட்டர் வரை இதில் பாய்கிறது. கசிவு நீடித்தால் புரதம், உப்புகள், நோய் எதிர்ப்பு அணுக்கள் வெளியேறி உடல் நலிவடையும். அறுவைக்குப் பின் 6 வாரங்களுக்குள் தொடங்க வேண்டிய கதிர்வீச்சு சிகிச்சையும் தள்ளிப்போகும் என்பதே பெரிய கவலை.

முதல் சிகிச்சை உணவில்

கடுகு எண்ணெயில் செய்த மீன் குழம்பு, முழுக் கொழுப்புப் பால், முட்டை மஞ்சள் கரு ஆகியவற்றின் கொழுப்பு நிணநாளம் வழியாகவே செல்வதால் அவை நிறுத்தப்படுகின்றன. மாற்றாக எம்.சி.டி. எண்ணெய் தரப்படுகிறது, இது குடலிலிருந்து நேரே கல்லீரலை அடையும். தேங்காயிலிருந்து பிரித்தெடுக்கப்படுவதுதான் இது எனினும், வீட்டுத் தேங்காய் எண்ணெய் இதற்கு ஈடாகாது. ஓய்வு, ஆக்ட்ரியோடைடு ஊசி, தேவையெனில் நரம்பு வழி ஊட்டம் ஆகியவற்றுடன் சிறு கசிவுகள் பெரும்பாலும் அடைபடுகின்றன.

நாளுக்கு 1 லிட்டருக்கு மேல் கசிவு தொடர்ந்தாலோ, பல நாள்கள் ஆகியும் குறையாவிட்டாலோ மீண்டும் கழுத்தைத் திறந்து நாளத்தைக் கட்டுவது பழைய வழி. ஆனால் ஊறிப்போன திசுக்களுக்கிடையே நாளத்தைத் தேடுவது கடினம்.

அமெரிக்க மருத்துவர் கான்ஸ்டன்டின் கோப் 1990-களில் உருவாக்கிய முறையில் கழுத்தைத் திறக்க வேண்டியதில்லை. வயிற்றின் வழியே மெல்லிய ஊசியைச் செலுத்தி நிணநாளத்தை அடைந்து, உலோகச் சுருளாலும் மருத்துவப் பசையாலும் அடைக்கின்றனர். பாதையைக் காண இன்று பெரும்பாலும் தொடை இடுக்கு முடிச்சில் செலுத்தப்படுவது 'லிப்பியோடால்'. வங்காளச் சமையலறைகளில் 'போஸ்தோ' எனப்படும் கசகசாவின் எண்ணெயில் அயோடின் சேர்த்துச் செய்யப்படுவது இது. சிலருக்கு அந்த எண்ணெயே கசிவை அடைத்துவிடுகிறது. இதற்குப் பயிற்சி பெற்ற கதிரியக்கத் தலையீட்டு நிபுணர் தேவை. எல்லா மருத்துவமனைகளிலும் அவர்கள் இல்லை.

வீடு திரும்பிய பின் கழுத்தின் இடப்புறம் வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே அறுவை செய்த மருத்துவமனையை அணுக வேண்டும். கசிந்த நீர் மார்புக்கூட்டிலும் தேங்கக்கூடும்.