கையெழுத்தைக் கடைசியில் படியுங்கள்
பிரான்சின் நான்சி நகரில் எமில் காலேயின் பட்டறையிலிருந்து வந்த கண்ணாடிக் குவளைகளில் அவர் பெயர் இருக்கும். பெயரே இருக்கும்போது ஆராய்ச்சி எதற்கு என்று கேட்கலாம். ஆனால் கலைக் கண்ணாடியில் போலி செய்ய மிகச் சுலபமான பகுதி பெயர்தான். நிறத்துக்கும் வடிவத்துக்கும் உலை வேண்டும், பழகிய கை வேண்டும். நாலைந்து எழுத்தைப் பொறிக்கச் சின்ன மின்கருவி போதும். ஆகவே முதலில் கண்ணாடியைப் பார்க்க வேண்டும். காலேயின் அமில வேலைப்பாடுகளில், பல நிறக் கண்ணாடிகளை அடுக்காக ஏற்றிய குவளையில் பூவும் இலையும் வரவேண்டிய இடத்தைக் காப்புப் பூச்சால் மூடுவார்கள். மீதியை ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் அரித்துவிடும். கையெழுத்தும் பெரும்பாலும் அதே அமிலத்தில் புடைத்து எழுந்ததுதான். இலையின் விளிம்பு மழுங்கி, எழுத்தின் விளிம்பு மட்டும் கூர்மையாக இருந்தால் இரண்டும் ஒரே நாளில் பிறந்தவை அல்ல. ருமேனியாவில் செய்யப்படும் நகல்கள் பெயருக்குப் பக்கத்தில் ‘டிப்’ என்று போட்டு, காலே பாணி என்பதை ஒப்புக்கொள்கின்றன; அந்த எழுத்துகளைத் தேய்த்து அழித்துவிட்டு விற்பவர்களும் உண்டு. பெயருக்கு அருகே பளபளப்புக் குன்றிய திட்டு தெரிந்தால் கவனிக்க வேண்டும்.

அடிப்பாகத்தில் கீறிய கையெழுத்துக்கு வேறு சோதனை. பல்லாண்டுகள் மேசையில் நகர்ந்த குவளையின் அடியில், தரையைத் தொடும் வளையத்தில் மட்டும், எல்லாத் திசையிலும் கீறல்கள் விழுந்திருக்கும். பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால், அந்தக் கீறல்களை எழுத்து வெட்டிக்கொண்டு போகிறதா, எழுத்தின் மேல் கீறல் விழுந்திருக்கிறதா என்பது தெரியும். முன்னது என்றால் எழுத்து பிந்தியது. உப்புத்தாளால் கீறிப் பழையதாக்கலாமே என்றால், ஆக்கலாம். அந்தக் கீறல்கள் பெரும்பாலும் ஒரே திசையில் ஓடும், தரையைத் தொடாத குழிவிலும் விழுந்திருக்கும்.

அப்படியானால் கையெழுத்து வீண்தானா? இல்லை, காலத்தைச் சொல்வதில் அது கெட்டி. கண்ணாடிக் கலைஞர் ரெனே லாலிக் 1945இல் இறந்த பிறகு, அவர் நிறுவனப் பொருள்களின் கையெழுத்தில் ‘ஆர்’ என்ற முன்னெழுத்து கைவிடப்பட்டது. 1945க்குப் பின் வந்த வடிவத்தில் அது இருந்தால் யாரோ சேர்த்தது. பொஹீமியாவின் லோட்ஸ் நிறுவனமோ தன் பொருள்களில் பெரும்பாலானவற்றைக் கையெழுத்தில்லாமலே அனுப்பியது. அங்கே பெயரைக் கண்டால் சந்தேகம் கூடத்தான் வேண்டும். இன்னொரு கேள்வியும் உண்டு: பட்டறையில் பலர் செய்ததை ஒருவர் பெயரில் சொல்வது சரியா? காலே குவளையில் இருப்பது பட்டறையின் முத்திரை என்று கொண்டால் சிக்கல் தீரும். அவர் 1904இல் இறந்தபின் மனைவி ஹென்ரியெத் பட்டறையை நடத்தியபோது, பெயரோடு சிறு நட்சத்திரம் ஒன்றைச் சேர்த்தார்கள்.