வரிக்கு அஞ்சியா நாட்டை விட்டுப் போகிறார்கள்?

மருத்துவம், பொறியியல் என்று படித்து முடித்த பிள்ளைகள் சிங்கப்பூரிலும் ஆஸ்திரேலியாவிலும் குடியேறுவது தோட்டம், பட்டணம் என்று எங்கும் பேசப்படும் விஷயம். இருப்பவரிடம் வரி வாங்கி இல்லாதவருக்குக் கொடுப்பது பிடிக்காததால்தான் போகிறார்கள் என்று ஒரு கருத்து உண்டு. கணக்கைப் பார்த்தால் அது முழுதாகப் பொருந்தவில்லை.

மலேசியாவில் தனிநபர் வருமான வரியின் உச்ச விகிதம் 30 விழுக்காடு. அதுவும் ஆண்டு வருமானம் 20 லட்சம் ரிங்கிட்டைத் தாண்டினால்தான். சிங்கப்பூரில் 24 விழுக்காடு. ஆஸ்திரேலியாவிலோ 45 விழுக்காடு. அந்த வரிப்பணம் பொது மருத்துவத்துக்கும் வேலையில்லாதோர் உதவித்தொகைக்கும் போகிறது. பகிர்ந்து கொடுப்பதையே வெறுப்பவர் அங்கே போகமாட்டார்.

அப்படியானால் மனக்குறை எங்கே?

1971இல் தொடங்கிய புதிய பொருளாதாரக் கொள்கைக்கு இரண்டு நோக்கங்கள். இன வேறுபாடு பாராமல் வறுமையை ஒழிப்பது ஒன்று. இன்ன இனத்துக்கு இன்ன தொழில் என்றிருந்த நிலையை மாற்றுவது மற்றொன்று. 1990க்குள் நிறுவனப் பங்குகளில் 30 விழுக்காடு பூமிபுத்ராக்களுக்கு என்ற இலக்கு இதைச் சேர்ந்தது. முதல் நோக்கத்தைக் குறை சொல்பவர் அரிது. பல்கலைக்கழக இடம், உபகாரச் சம்பளம், அரசு வேலை என்று வரும்போதுதான், நம் பிள்ளைக்கும் பங்கு உண்டா என்ற கேள்வி பெற்றோரை வாட்டுகிறது.

உலக வங்கியின் 2011ஆம் ஆண்டு அறிக்கை, சுமார் 10 லட்சம் மலேசியர் வெளிநாடுகளில் வாழ்வதாகக் கணித்தது. பாதிக்கு மேற்பட்டோர் சிங்கப்பூரில். வெளியேறக் காரணம் கேட்டபோது தொழில் முன்னேற்றம் முதலிடம் பெற்றது. அடுத்து வந்தது சமூக அநீதி உணர்வு; சம்பளம் அதற்கும் பின்னால்தான். நாடு திரும்பும் நிபுணர்களுக்கு ஐந்தாண்டுகள் 15 விழுக்காடு வரி மட்டும் என்ற சலுகையை டேலண்ட்கார்ப் வழங்கி வந்துள்ளது. வரி குறைந்தால் பணம் மிஞ்சும். பிள்ளையின் பல்கலைக்கழக இடம் பற்றிய கவலை தீராது.

ஜோகூர் பாலத்தைத் தினமும் கடப்பவர்களைப் பார்த்தாலும் இது புரியும். சம்பாதிப்பது சிங்கப்பூர் வெள்ளி. அம்மாவுக்கு வைத்தியம் இங்குள்ள அரசு மருத்துவமனையில், பிள்ளைக்குப் படிப்பு தமிழ்ப்பள்ளியில். பொதுப் பணத்தில் நடக்கும் இவற்றை அவர்கள் வேண்டாம் என்பதில்லை.

மலேசியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. அயல்நாட்டுக் குடியுரிமை பெறுபவரின் வாக்கும் இங்கிருந்து போய்விடுகிறது. தோட்டம் துண்டாடப்பட்டு மலிவுவிலை வீடுகளுக்கு வந்த குடும்பங்களால் அப்படிப் புறப்பட முடியாது. அரசு உதவி அதிகம் தேவைப்படுவோர் அவர்களே. படித்தவர்கள் போகப் போக, அவர்களுக்காகக் கேட்கும் குரலும் குறைகிறது.