பழைய காரை உடைத்தால் புது காருக்குத் தள்ளுபடி: யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம்?

வீட்டு வாசலில் 2010-ல் வாங்கிய ஒரு சின்ன கார். வாரம் ஒரு தடவை மார்க்கெட், மாசம் ஒரு தடவை சொந்த ஊர். மற்ற நாளெல்லாம் வெயிலில் நிற்கிறது. எஞ்சின் இன்னும் ஒரே ஸ்டார்ட்டில் கிளம்பிவிடும். ஆனால் ஆர்.சி.யில் 15 வருஷம் முடிந்துவிட்டது. ஷோரூமில் விசாரித்தால், "பழசை ஸ்கிராப் பண்ணிட்டு வாங்க சார், டிஸ்கவுன்ட் இருக்கு" என்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரரோ, "15 வருஷம் தாண்டிட்டா கவர்ன்மென்ட்டே தூக்கிட்டுப் போயிடும்" என்று பயமுறுத்துகிறார்.

இதில் எது உண்மை? உடைத்தால் கையில் எவ்வளவு வரும்? விற்பது நல்லதா, உடைப்பது நல்லதா, அப்படியே ஓட்டுவது நல்லதா?

15 வயதானால் காரைக் கட்டாயம் உடைக்கணுமா?

இல்லை. பழைய வாகனங்களைக் கழிக்கும் கொள்கை 2021 பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் 13-ல் பிரதமர் மோடி அதைத் தொடங்கிவைத்தார். சொந்தக் கார்களைப் பொறுத்தவரை இது உரிமையாளர் விருப்பப்பட்டால் மட்டுமே. 15 ஆண்டு முடிந்ததும் வண்டியை ஆர்.டி.ஓ. சோதனைக்குக் காட்டி, 5 ஆண்டுக்குப் பதிவைப் புதுப்பித்துக்கொள்ளலாம்.

குழப்பத்துக்கு இரண்டு காரணங்கள். ஒன்று, 15 ஆண்டு தாண்டிய அரசு வாகனங்களின் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் புதுப்பிக்கப்படுவதில்லை. அது அரசு வண்டிகளுக்கான விதி. இன்னொன்று, டெல்லி. 10 ஆண்டு தாண்டிய டீசல், 15 ஆண்டு தாண்டிய பெட்ரோல் வண்டிகளுக்கான தடையை 2018-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அது தலைநகர்ப் பகுதிக்கு மட்டும். அங்கேயும், வயதை மட்டும் காரணம் காட்டி உரிமையாளர்கள் மேல் நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்று 2025 ஆகஸ்டில் அதே நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது.

ஆனால் பழைய காரை வைத்திருப்பதன் செலவை அரசு ஏற்றியிருக்கிறது. 600 ரூபாயாக இருந்த கார் பதிவுப் புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாய். 20 ஆண்டு தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டில் அது 10,000 ரூபாய் ஆனது. பசுமை வரி தனி.

உடைத்தால் என்னென்ன சலுகை?

நான்கு வழிகளில் பணம் மிச்சமாகும்.

முதலாவது, பழைய வண்டிக்கான விலை. புது வண்டியின் எக்ஸ்-ஷோரூம் விலையில் 4 முதல் 6 சதவீதம் வரை கிடைக்கலாம் என்று கொள்கை சொல்கிறது. இது வழிகாட்டும் மதிப்பீடுதான், அரசு நிர்ணயித்த விலை இல்லை.

இரண்டாவது, சாலை வரிச் சலுகை. சொந்த வண்டிக்கு 25 சதவீதம் வரை, வாடகை வண்டிக்கு 15 சதவீதம் வரை. 'வரை' என்ற சொல்லைக் கவனிக்கணும். வரி மாநில அரசுடையது என்பதால் எவ்வளவு குறைப்பது என்பது மாநிலத்தின் முடிவு.

மூன்றாவது, புது வண்டிக்குப் பதிவுக் கட்டண விலக்கு.

நான்காவது, கார் கம்பெனி தரும் தள்ளுபடி. 2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சர் நிதின் கட்கரியுடன் நடந்த பேச்சுக்குப் பிறகு, எக்ஸ்-ஷோரூம் விலையில் 1.5 சதவீதம் அல்லது 20,000 ரூபாய், இதில் எது குறைவோ அதைத் தருவதாகப் பல கார் நிறுவனங்கள் ஒப்புக்கொண்டன. கடந்த 6 மாதத்துக்குள் பழையதை உடைத்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஓராண்டுக்கு என்றுதான் அப்போது அறிவித்தார்கள். எனவே இப்போது என்ன நிலவரம் என்பதை ஷோரூமில் எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. எக்ஸ்சேஞ்ச் போனஸ், ஸ்கிராப் தள்ளுபடி இரண்டையும் சேர்த்துத் தரணும் என்ற கட்டாயம் நிறுவனங்களுக்கு இல்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

புது காரின் எக்ஸ்-ஷோரூம் விலை 8 லட்சம், அதற்கான ஆயுள் வரி 1 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். பழைய கார் 700 கிலோ எடை.

கொள்கை சொல்லும் 4 முதல் 6 சதவீதக் கணக்கில் பழைய காருக்கு 32,000 முதல் 48,000 ரூபாய் வரணும். ஆனால் கழிவு மையத்தில் கடைசியில் பேசுவது தராசுதான். கிலோவுக்கு 30 ரூபாய் என்று எடுத்துக்கொண்டால் 21,000 ரூபாய். கம்பெனி தள்ளுபடி 12,000. வரிச் சலுகை முழுசாகக் கிடைத்தால் 25,000. பதிவுக் கட்டணம் 600. எல்லாம் சேர்த்தால் குறைந்தபட்சம் 58,600, அதிகபட்சம் 85,600 ரூபாய்.

இப்போது பழைய கார் சந்தையில் அதே வண்டியை 1.25 லட்சத்துக்குக் கேட்கிறார்கள் என்றால்? உடைப்பது நஷ்டம். அதை விற்றுவிட்டுப் புதுசு வாங்குவதே மேல். மாறாக, சந்தையில் 40,000-க்கு மேல் யாரும் கேட்கவில்லை, எஃப்.சி. காட்டவே 30,000 செலவாகும் என்றால்? உடைப்பது லாபம்.

புதுசு வாங்கும் எண்ணமே இல்லாதவருக்குக் கணக்கு வேறு. அந்த 58,600-ல் 37,600 ரூபாய், 8 லட்சம் செலவு செய்தால் மட்டும் கிடைப்பது. இல்லையென்றால் கையில் வருவது தராசுக் காசு 21,000 மட்டும்தான். அதே சமயம் 5,000 கட்டிப் புதுப்பித்தால் கட்டணம் மாசத்துக்கு 83 ரூபாய்தான் ஆகிறது. வண்டி நல்ல நிலையில் இருந்து, ஓட்டமும் குறைவாக இருந்தால், புதுப்பித்து ஓட்டுவதே பல குடும்பங்களுக்குச் சிக்கனம்.

காயலான் கடையில் போட்டால் என்ன?

சென்னையில் பழைய வண்டி என்றதும் நினைவுக்கு வருவது புதுப்பேட்டை. வண்டியைப் பிரித்து உதிரி பாகமாக விற்பதில் பல பத்தாண்டு அனுபவம் உள்ள இடம். பாகம் பாகமாகப் போகும் வண்டிக்கு அங்கே கூடுதல் விலையும் கிடைக்கலாம்.

ஆனால் அரசின் சலுகைகளுக்குத் தேவையான 'வைப்புச் சான்றிதழ்', அரசிடம் பதிவு பெற்ற கழிவு மையத்தில் வண்டியை ஒப்படைத்தால் மட்டுமே கிடைக்கும். அந்தச் சான்றிதழை மின்னணு முறையில் இன்னொருவருக்கு விற்கவும் வழி இருக்கிறது.

சான்றிதழைவிடப் பெரிய விஷயம், பதிவு ரத்து. வண்டி அழிந்துவிட்டால் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்கணும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். தெரிவிக்காமல் விட்டால் உடைந்த வண்டி ஏட்டில் உங்கள் பெயரிலேயே ஓடிக்கொண்டிருக்கும். அந்த நம்பர் பிளேட்டை வேறு யாராவது மாட்டிக்கொண்டு விபத்தில் சிக்கினால் போலீஸ் வந்து நிற்பது உங்கள் வாசலில்.

2009-ல் உலகம் கற்ற பாடம்

இந்த யோசனை இந்தியாவில் பிறந்ததல்ல. 2008 பொருளாதாரச் சரிவில் கார் விற்பனை படுத்தபோது பல நாடுகள் கையிலெடுத்த மருந்து இது.

ஜெர்மனி 2009-ல், 9 ஆண்டு பழைய காரை உடைத்துவிட்டுப் புதுசு வாங்குபவருக்கு 2,500 யூரோ கொடுத்தது. 150 கோடி யூரோவில் தொடங்கிய திட்டம் 500 கோடி யூரோவில் போய் நின்றது. கிட்டத்தட்ட 20 லட்சம் கார்கள் உடைக்கப்பட்டன. அந்த ஆண்டு 38 லட்சம் புது கார்கள் பதிவாயின. அடுத்த ஆண்டு அது 29 லட்சமாக விழுந்தது.

அமெரிக்காவில் 3,500 அல்லது 4,500 டாலர். ஒதுக்கிய 100 கோடி டாலர் சில நாளிலேயே தீரும் நிலைக்கு வர, இன்னும் 200 கோடி சேர்த்தார்கள். ஒரு மாதத்தில் கிட்டத்தட்ட 6.8 லட்சம் கார்கள் கைமாறின. பழைய கார் திரும்ப ரோட்டுக்கு வரக்கூடாது என்பதற்காக எஞ்சினில் சோடியம் சிலிகேட் கரைசலை ஊற்றி ஓடவிட்டார்கள். உள்ளே கண்ணாடி போல இறுகி எஞ்சின் செத்துவிடும்.

பலன் என்ன? லிட்டருக்குச் சராசரியாக 6.7 கிலோமீட்டர் கொடுத்த வண்டிகள் போய், 10.6 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டிகள் வந்தன. அது நல்லதுதான். ஆனால் பொருளாதார அறிஞர்கள் அதிஃப் மியான், அமீர் சூஃபி ஆகியோரின் ஆய்வு வேறு ஒன்றையும் காட்டியது. திட்டத்தால் கூடுதலாக விற்ற கார்கள், எப்படியும் அடுத்த சில மாதங்களில் விற்றிருக்க வேண்டியவைதான். தள்ளுபடி புது வாடிக்கையாளர்களைப் பெரிதாக உருவாக்கவில்லை. நாளைக்கு வாங்க இருந்தவரை இன்றைக்கு வாங்க வைத்தது, அவ்வளவுதான். ஓடக்கூடிய கார்கள் அழிக்கப்பட்டதால், குறைந்த விலையில் பழைய கார் தேடும் ஏழைகளுக்குத்தான் அடி என்ற விமர்சனமும் எழுந்தது.

இந்தியாவில் யாருக்குப் பொருந்தும்?

ஜெர்மனியும் அமெரிக்காவும் அரசுப் பணத்தை நேரடியாகக் கொடுத்தன. இங்கே மத்திய அரசின் கையிலிருந்து வாங்குபவருக்கு ரொக்கம் வருவதில்லை. தராசு, மாநில வரி, கம்பெனி என்று மூன்று இடத்திலிருந்து துண்டு துண்டாக வருகிறது. கொடுப்பது இப்படிச் சிறுசாக இருக்க, புதுப்பிப்புக் கட்டணம் மட்டும் 600-லிருந்து 5,000, 10,000 என்று ஏறுகிறது. புதுசு வாங்க வசதி உள்ளவர் சலுகையைப் பிடித்துக்கொள்வார். வசதி இல்லாததால்தான் பழசையே ஓட்டுகிறவர் கட்டணத்தைக் கட்டுவார்.

காற்றுக்கும் இதே கேள்வி உண்டு. மாசம் 100 கிலோமீட்டர் ஓடும் வீட்டு காரை உடைப்பதைவிட, தினமும் பல நூறு கிலோமீட்டர் புகை கக்கிக்கொண்டு ஓடும் பழைய லாரியை மாற்றுவதில்தான் பலன் அதிகம். 2024-ல் ஒப்புக்கொண்ட தள்ளுபடியில், 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகளுக்கு 3 சதவீதம் என்று கூடுதலாக வைத்ததும் அந்த வகையில் சரியான திசைதான்.

முடிவெடுக்கும் முன்

ஷோரூமுக்குப் போகும் முன்பே பழைய காருக்கு இரண்டு, மூன்று இடத்தில் விலை கேட்டு வையுங்கள். கழிவு மையம் எவ்வளவு தரும் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். வரிச் சலுகை எத்தனை சதவீதம் என்பதை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் உறுதி செய்யுங்கள். வண்டி மேல் கடன் பதிவு இருந்தால் முதலில் அதை நீக்குங்கள். வண்டியை ஒப்படைத்த பிறகு, பதிவு ரத்தானதற்கான ஆதாரம் கைக்கு வரும்வரை விடாதீர்கள்.

கடைசியாக, தள்ளுபடியே இல்லை என்றாலும் இந்த வருஷம் புது கார் வாங்கியிருப்பீர்களா? 'ஆமா' என்றால் சலுகையை விடாதீர்கள். 'இல்லை' என்றால், 60,000 ரூபாய் மிச்சம் பிடிக்க 8 லட்சத்துக்குக் கடன் வாங்க வேண்டுமா என்று வீட்டில் ஒரு தடவை பேசிவிடுவது நல்லது.