உங்களுக்குத் தெரியுமா? விரலை நீட்டு, வாய்விட்டுச் சொல்!

ஜப்பானில் ரயில் ஓட்டுநர் தனியாகப் பேசிக்கொள்வார். சிக்னலை நோக்கி வெள்ளைக் கையுறை போட்ட கையை நீட்டி, அதன் நிலையை உரக்கச் சொல்லிவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். வேடிக்கைபோலத் தெரியும், ஆனால் பிழையைத் தடுக்கும் பழக்கம் இது. பெயர் 'ஷிசா கான்கோ'.

தினமும் செய்கிற வேலையில்தான் கண் பார்க்கும், மனம் வேறெங்கோ இருக்கும். விரல், வாய், காது மூன்றையும் வேலைக்குள் இழுத்துவிட்டால் கவனம் திரும்புகிறது. பரபரப்பாகச் சுவிட்சைத் தட்டப்போகும் கையும் ஒரு நொடி நிற்கிறது. ஜப்பானின் ரயில்வே தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் 1994-இல் இதைச் சோதித்தது. சும்மா செய்தபோது 100 செயல்களுக்கு 2.38 பிழைகள். சுட்டிக்காட்டிச் சொல்லிச் செய்தபோது 0.38 மட்டுமே!

ரயிலோடு நிற்கவில்லை, ஆலைகளுக்கும் பரவியது. வால்வைத் திருகியவர் அதைச் சுட்டி, "வால்வு மூடியாச்சு, சரி!" என்கிறார். புதிதாக வருபவர்களுக்குக் கூச்சம்தான் பெரிய தடை. மேற்பார்வையாளரும் சேர்ந்து கத்தினால் அது போய்விடும்.

நியூயார்க் சுரங்க ரயிலில் 1996 முதல் கண்டக்டர்கள், நடைமேடையில் உள்ள கறுப்பு வெள்ளைப் பட்டைப் பலகையைச் சுட்டிய பிறகே கதவைத் திறக்கிறார்கள். சத்தமாகச் சொல்வது மட்டும் அங்கே இல்லை. நம் ரயில்களிலோ லோகோ பைலட்டும் உதவியாளரும் சிக்னலை ஒருவருக்கொருவர் சொல்லி உறுதி செய்தாக வேண்டும்.